ராஜாஜி - பெரியார் சந்தித்த ஊர்... மேல்மா விவசாயிகள் கேட்ட சுதந்திரம்! - திருவண்ணாமலை எழுப்பும் கேள்வி

1949-ம் ஆண்டு மே மாதம். திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் ஒரு சிறப்புப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர், அன்றைய இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. சிறுவனாக ஊருக்கு வந்த ரமணர் தவமிருந்த பாதாள லிங்கச் சந்நிதி, அண்ணாமலையார் கோயிலில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்துவைக்கத்தான் அவர் வந்திருந்தார்.

அந்தப் பெட்டியில் ஏறி அவரைச் சந்தித்தவர், கோயிலுக்கும் கடவுளுக்கும் எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த பெரியார்!

இருவருக்கும் வயது 70-ஐ ஒட்டி. பழைய நண்பர்கள், அரசியலில் எதிரிகள். அது மட்டுமல்ல... பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1938-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துப் போராடிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவர்களை அடக்க அவரது அரசு கையில் எடுத்தது, காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டம். சிறைக்குப் போனவர்களில் பெரியாரும் ஒருவர். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து இருவரும் காவலில் இருக்கும்போதே இறந்தார்கள்.

சிறையில் அடைத்தவரும் அடைக்கப்பட்டவரும் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் தனியே பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது பல காலம் வெளியே வரவில்லை. இரண்டு மாதங்களில் பெரியார் - மணியம்மை திருமணம் நடந்தது. அதை ஏற்காதவர்கள் அண்ணா தலைமையில் பிரிந்து, அதே ஆண்டு செப்டம்பர் 17-ல் தி.மு.க-வைத் தொடங்கினார்கள்.

ஒரு மனிதனின் திருமணம் அவனது சொந்த விஷயமா, ஊர் விஷயமா? எதிர்த்துப் பேசுகிறவனை அரசு எந்த அளவுக்கு அடக்கலாம்? ஒருவர் வைத்திருக்கும் நிலத்தை, பொது நன்மை என்று சொல்லி எந்த அளவுக்கு எடுக்கலாம்? அந்த ரயில் பெட்டியில் இருந்த இருவரின் வாழ்க்கையையும் இந்தக் கேள்விகள் துரத்தின. முக்கால் நூற்றாண்டு கழித்து, இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில் அதே கேள்விகள் மறுபடியும் எழுந்தன. அந்த இடத்தின் பெயர், மேல்மா.

கூட்ரோட்டில் ஒரு பந்தல்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மலையும் தீபமும் 14 கி.மீ. கிரிவலப் பாதையும்தான். மாவட்டத்தின் வடகிழக்கில் செய்யாறு வட்டம் இருக்கிறது. நெல், மணிலா, கரும்பு என்று விவசாயத்தை நம்பிய கிராமங்கள். அங்கே ஏற்கெனவே சிப்காட் தொழிற்பேட்டை இயங்கிவருகிறது. காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காலையிலும் மாலையிலும் அவர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் அந்தச் சாலைகளின் வழக்கமான காட்சி.

அந்த சிப்காட்டின் மூன்றாவது விரிவாக்கத்துக்காக மேல்மா, குரும்பூர், நெடுங்கல் உள்ளிட்ட கிராமங்களில் 3,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை எடுக்க அரசு முடிவு செய்தது. 2023 ஜூலையில், மேல்மா கூட்ரோட்டில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். வயலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்த பெண்கள், பேரப்பிள்ளைகளோடு வந்த முதியவர்கள் என நாள்கணக்கு நூறைத் தாண்டியது. ‘இது தரிசு நிலம் அல்ல, மூன்று போகம் விளையும் பூமி’ என்பது அவர்கள் வைத்த வாதம்.

நவம்பர் முதல் வாரத்தில் 20 பேர் கைது செய்யப்பட்டார்கள். மாதத்தின் நடுவில் வந்த செய்திதான் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. அவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம்!

எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் கண்டித்தன. சமூக வலைதளங்கள் கொதித்தன. அடுத்த சில நாள்களில், குடும்பத்தினர் கொடுத்த மனுக்களை ஏற்று ஆறு பேர் மீதான ஆணையை ரத்து செய்ய முதல்வர் உத்தரவிட்டார். போராட்டத்தை ஒருங்கிணைத்தவர் மீதான ஆணை மட்டும் அப்போது ரத்தாகவில்லை. அவர் வெளி மாவட்டத்துக்காரர், அங்கே அவருக்கு நிலம் இல்லை என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அடுத்தவர் நிலத்துக்காக ஒருவர் பேசக் கூடாதா? சம்பாரணில் காந்திக்கு நிலம் இருந்ததா என்ன?

‘என்னுடையது’ என்பதிலிருந்து தொடங்கும் தத்துவம்

உலக அரசியலில் ‘லிபர்டேரியன்’ என்றொரு சிந்தனை மரபு உண்டு. தமிழில் ‘தனிமனித விடுதலைக் கொள்கை’ என்று சொல்லலாம். அதன் அடிப்படை எளிமையானது. என் உடல் என்னுடையது. என் உழைப்பு என்னுடையது. அந்த உழைப்பால் நியாயமாகச் சேர்த்ததும் என்னுடையது. நான் இன்னொருவருக்குத் தீங்கு செய்யாதவரை அரசு என் வாழ்க்கைக்குள் வரக் கூடாது. அரசின் வேலை திருடனிடமிருந்தும் வன்முறையாளனிடமிருந்தும் காப்பாற்றுவது. அதைத் தாண்டி அது நீட்டும் ஒவ்வொரு கையையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார். 20-ம் நூற்றாண்டில் ஹாயெக், நோசிக் போன்றவர்கள் இந்த மரபை வளர்த்தார்கள். மேலைநாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆயுதத்தைக் காட்டி வழிமறிப்பவனையும் அதிகாரத்தைக் காட்டிக் கேட்கும் மன்னனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர் நம் வள்ளுவர். அவரேதான் இன்னோர் அதிகாரத்தில், பொருளைச் சேர்த்துக் காத்துப் பகிர்ந்து செலவிடுவது அரசனின் கடமை என்றும் சொன்னார். அரசு வேண்டும், ஆனால் அதற்கு ஓர் எல்லையும் வேண்டும் என்ற இழுபறி நமக்குப் புதிதல்ல.

80 வயதில் ஒரு புதுக் கட்சி

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்கு மிக அருகில் வந்த அரசியல் முயற்சி, திருவண்ணாமலை ரயில் பெட்டியில் இருந்த அதே ராஜாஜியுடையது.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடும் திட்டம் அது. ‘விவசாயி தன் நிலத்தில் கூலியாளாகிவிடுவான்’ என்ற அச்சம் கிராமங்களில் பரவியது. அதே ஆண்டு ஜூனில், 80 வயது ராஜாஜி சென்னையில் புதிய கட்சியை அறிவித்தார். பெயர், சுதந்திராக் கட்சி. ஆந்திராவின் விவசாயத் தலைவர் என்.ஜி.ரங்கா, பம்பாயின் மினு மசானி ஆகியோர் உடன் நின்றார்கள்.

தொழில் தொடங்க அனுமதி, விரிவாக்க அனுமதி, இறக்குமதிக்கு அனுமதி என்று எல்லாவற்றுக்கும் டெல்லியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அது. அதைத்தான் ‘பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி சாடினார். 1967 பொதுத்தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்து, காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியானது. அதே தேர்தலில் தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 சட்டமன்றத் தொகுதிகளை வென்றது.

ஆனால், ராஜாஜி வாழ்க்கையை முழுவதும் பார்த்தால் இந்தக் கொள்கை சுலபமான ஒன்றல்ல என்பது புரியும். 1921-ல் வெள்ளையர் ஆட்சியில் வேலூர் சிறைக்குப் போனவர், 1938-ல் தானே ஆட்சியாளராகி மற்றவர்களைச் சிறைக்கு அனுப்பினார். 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். என்ன குடிப்பது என்பது தனிமனிதன் முடிவு என்று நினைக்கும் லிபர்டேரியன் யாரும் அதை ஏற்க மாட்டார். குடிகார கணவனிடம் அடிவாங்கும் பெண்ணைக் கேட்டால், அவர் ராஜாஜி பக்கம்தான் நிற்பார். 1952-ல் முதல்வரானதும் உணவு தானியங்கள் மீதிருந்த ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கியவரும் அவரே.

ஆட்சியில் இல்லாதபோது சுதந்திரம் பெரிதாகத் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒழுங்கு பெரிதாகத் தெரிகிறது. ராஜாஜியோடு முடிந்துபோன வழக்கம் அல்ல இது.

காணாமல்போன ஓர் அடிப்படை உரிமை

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில், சொத்து வைத்திருப்பது ஓர் அடிப்படை உரிமையாக இருந்தது. இன்று அது அடிப்படை உரிமை அல்ல என்பது பலருக்குத் தெரியாது.

ஜமீன்தாரி ஒழிப்புக்கும் நில உச்சவரம்புக்கும் அந்த உரிமை தடையாக நின்றதால், தொடர்ந்து திருத்தங்கள் வந்தன. கடைசியில் 1978-ல் 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்தே நீக்கியது. இப்போது 300ஏ பிரிவில், ‘சட்டத்தின்படி அன்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது’ என்ற அளவில் அது ஒரு சட்ட உரிமை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுதந்திராக் கட்சி 1974-ல் சரண் சிங்கின் கட்சியோடு இணைந்து, அதன் வழியாக ஜனதாவில் கலந்தது. 44-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது அந்த ஜனதா அரசுதான்!

‘சட்டத்தின்படி’ என்றால் எந்தச் சட்டம்? நிலம் எடுப்பதற்கு 1894-ல் வெள்ளையர் போட்ட சட்டம், 120 ஆண்டுகள் ஓடியது. அதற்குப் பதிலாக 2013-ல் புதிய சட்டம் வந்தது. தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவிகிதம் பேரின் சம்மதம், அரசு - தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவிகிதம் பேரின் சம்மதம், எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு, பல போகப் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொடலாம் என்ற நிபந்தனை... இவையெல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு.

ஆனால், தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க அந்தப் பாதையில் போக வேண்டியதில்லை. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்க 1997-ம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. இழப்பீட்டில் 2013 சட்டத்தின் அளவுகோல் பொருந்தும். சம்மதமும் சமூகத் தாக்க மதிப்பீடும் தேவையில்லை. இந்த விலக்கை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அன்றைய அ.தி.மு.க. அரசு புதிய சட்டம் இயற்றி அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அடுத்து வந்த தி.மு.க. அரசும் அதே சட்டத்தைப் பயன்படுத்தியது.

ஏற்கெனவே ஒருமுறை நட்ட கல்

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இது முதல் அனுபவம் அல்ல. 2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைக்காக வயல்களில் அளவைக் கற்கள் நடப்பட்டபோது, அவற்றின் முன் உட்கார்ந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 277 கி.மீ. சாலை, சுமார் 10,000 கோடி ரூபாய் திட்டம். ஐந்து மாவட்டங்களில் மிக நீளமான பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் வந்தது. அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க., சட்டசபையில் விவசாயிகளின் எதிர்ப்பை எடுத்துப் பேசியது.

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பிறகு புதிதாக அறிவிக்கை வெளியிடலாம் என்று மத்திய அரசுக்கு வழிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் விவசாயிகள் பக்கம் உறுதியாக நின்றது. ஆரம்பகட்ட அறிவிக்கையை மட்டும் வைத்து வருவாய் ஆவணங்களில் செய்த பெயர் மாற்றங்களைத் திருத்தி, மறுபடியும் உரிமையாளர் பெயருக்கே மாற்ற வேண்டும் என்ற உத்தரவை அது உறுதிசெய்தது.

சாலை என்றாலும் தொழிற்பேட்டை என்றாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், வயலில் நிற்கும் குடும்பத்துக்குக் காட்சி ஒன்றுதான். ஒருநாள் அளவைக்காரர்கள் வருகிறார்கள், மறுநாள் போலீஸ் வருகிறது.

பட்டா இல்லாதவருக்கு எந்தச் சுதந்திரம்?

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

அந்தப் பகுதிக்குத் தொழிற்சாலை வந்ததால், களை பறிக்கும் கூலியை நம்பியிருந்த வீட்டுப் பெண் மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி என்று நிமிர்ந்திருக்கிறாள். அவளது வங்கிக் கணக்கும் ஒரு சுதந்திரம்தான். தொழிற்சாலை வேண்டாம் என்று அவள் சொல்வாளா? சென்னையைச் சுற்றியே எல்லாம் குவியாமல் வட மாவட்டங்களுக்கும் தொழில் வர வேண்டும் என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1971-ல் தொடங்கிய சிப்காட் இல்லாமல் ஓசூரும் ராணிப்பேட்டையும் இன்றைய நிலையை எட்டியிருக்காது.

அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் உண்டு. நிலம் ‘என்னுடையது’ ஆனது எப்படி? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், நிலமற்ற தலித் மக்களின் நிலையை அறிக்கையாக அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக, வேறு சாதியினருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பிறகு அவற்றில் பெரும்பகுதி கைமாறிப்போனது. அந்த நிலங்களை மீட்கக் கோரி 1994-ல் செங்கல்பட்டு பகுதியில் நடந்த காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து இருவர் இறந்தார்கள்.

லிபர்டேரியன் தத்துவமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1974-ல் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் எழுதிய நூல், ஒரு சொத்து நியாயமாக வந்திருக்க வேண்டும், நியாயமாகக் கைமாறியிருக்க வேண்டும், இடையில் அநியாயம் நடந்திருந்தால் அது சரிசெய்யப்பட வேண்டும் என்கிறது. சொத்துரிமைக்காகக் குரல் கொடுக்கிறவர்கள் முதல் இரண்டையும் உரக்கச் சொல்கிறார்கள். மூன்றாவதைச் சொல்வது குறைவு.

பெண்களுக்கும் இது பொருந்தும். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பரம்பரைக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 1989 ஆனது. ‘அரசே, என் சொத்தில் தலையிடாதே’ என்று சொல்வதற்கு முதலில் சொத்து இருக்க வேண்டும். மகளுக்கு அது கிடைக்க, அரசுதான் தலையிட வேண்டியிருந்தது.

செய்யாத குற்றத்துக்குச் சிறை

நிலத்தைப் பற்றி இப்படி இரண்டு பக்கமும் பேசலாம். ஆனால், மேல்மாவில் நிலத்தோடு இன்னொன்றும் எடுக்கப்பட்டது. அது மனிதர்களின் நடமாட்டம். இங்கேதான் வலதும் இடதும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது, 1982-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர்கள் போன்றவர்களைக் கட்டுப்படுத்த வந்தது. பிற்பாடு மணல் கடத்தல், திருட்டு வீடியோ, சைபர் குற்றம் என்று பட்டியல் நீண்டது. இது நடந்த குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் சட்டம் அல்ல. ஒருவர் வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும் என்று கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கருதினால், விசாரணை இல்லாமல் 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். காரணங்களை ஐந்து நாள்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆணையை 12 நாள்களுக்குள் அரசு ஏற்க வேண்டும். பிறகு அறிவுரைக் குழுமம் பரிசீலிக்கும். அங்கே கைதானவருக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது.

தடுப்புக் காவலில் வைக்கப்படுவோர் எண்ணிக்கையில் நாட்டின் முன்வரிசை மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நான்கு தசாப்தங்களாக இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டும் இந்தச் சட்டத்தின் பட்டியல் சுருங்கவில்லை.

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு பழைய கதை உண்டு. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனை சென்னை அரசு தடுப்புக் காவலில் வைத்தது. குடியரசு பிறந்த சில மாதங்களில் அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் ஒரு பிரிவைத் தவிர மற்றதெல்லாம் செல்லும் என்றது நீதிமன்றம். ஒவ்வோர் அடிப்படை உரிமையும் தனித்தனிப் பெட்டி என்பதுபோல அந்தத் தீர்ப்பு அமைந்தது. கோபாலன் தோற்றார்.

20 ஆண்டுகள் கழித்து 1970-ல், வங்கிகள் நாட்டுடைமையானதை எதிர்த்து ஆர்.சி.கூப்பர் வழக்குத் தொடுத்தார். அவர் ஒரு வங்கியின் இயக்குநர். சுதந்திராக் கட்சியைச் சேர்ந்தவர். 11 நீதிபதிகளில் 10 பேர், கோபாலன் வழக்கின் அந்தப் பெட்டிக் கணக்கை நிராகரித்தார்கள். உரிமைகள் ஒன்றோடொன்று பின்னியவை. ஒரு சட்டம் மக்களை எப்படிப் பாதிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். 1978-ல் மேனகா காந்தி வழக்கில் இந்தப் பார்வை மேலும் விரிந்தது. தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கம்யூனிஸ்ட் தோற்ற வழக்கின் வாதத்தை, கம்யூனிஸ்டுகளை எதிர்த்த கட்சிக்காரர் சொத்துக்காகப் போட்ட வழக்கு மீட்டுக் கொடுத்தது. மேல்மா விவசாயிக்காக இன்று ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும்போது, அவர் கையில் இருப்பது இந்த இருவரின் சொத்தும்தான்.

ஊரே எழுந்து நின்ற நாள்

பக்திக்குப் பேர்போன திருவண்ணாமலைக்காரர்களும் அரசை எதிர்த்து நின்றவர்கள்தான். 2002-ல் மத்திய தொல்லியல் துறை, அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவித்தது. கோயிலைக் காப்பதற்குத்தான் என்றது அரசு. தினசரி பூஜை நடக்கும் கோயில் நினைவுச்சின்னமா என்று ஊர் கேட்டது. கோயிலைச் சுற்றிக் கடையும் வீடும் வைத்திருந்தவர்களுக்கு, இனி ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கேட்க வேண்டுமோ என்ற பயமும் இருந்தது. போராட்டங்கள் நடந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. கடைசியில் கோயில் மறுபடியும் இந்து சமய அறநிலையத் துறையிடமே வந்தது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்கள் எவரும் தங்களை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘எங்களைக் கேட்காமல் எப்படி?’ என்றுதான் கேட்டார்கள்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யலாம்?

* நில எடுப்பு நோட்டீஸில் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கெடு இருக்கும். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவைக்க வேண்டும். வாய்மொழி எதிர்ப்பு பதிவாகாது.

* பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல், பாசனக் கிணறு மற்றும் மின் இணைப்பு ஆவணங்களைத் தயாராக வைத்திருக்கலாம். இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் உடனே மாற்றிக்கொள்வது நல்லது.

* எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பதை நோட்டீஸில் பாருங்கள். உரிமைகள் அதைப் பொறுத்து மாறும்.

* குத்தகைதாரர்கள், விவசாயக் கூலிகள் தங்கள் பாதிப்பைத் தனி மனுவாகக் கொடுக்கலாம்.

* தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் அரசுக்கு முறையீடு அனுப்பலாம். குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

* வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய இலவச சட்ட உதவி எண்: 15100.

வீடு என்றொரு சொல்

1896 செப்டம்பர் 1-ம் தேதி, மதுரையிலிருந்து வந்து திருவண்ணாமலையில் இறங்கிய 16 வயதுச் சிறுவன், கையில் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் விடுதலை என்பது ரமணரின் வழி. 1938-ல் ராஜேந்திர பிரசாத்தும் ஜம்னாலால் பஜாஜும் சுதந்திரப் போராட்டத்துக்கு நடுவே அவரைத் தேடி வந்தார்கள். நாட்டு விடுதலைக்கு உழைத்துக் களைத்தவர்களுக்கு, உள்ளே தேட வேண்டிய விடுதலையும் தேவைப்பட்டது.

தமிழில் ‘வீடு’ என்றால் முக்தி. ‘வீடு’ என்றால் நாம் குடியிருக்கும் கூரையும்தான். தானே விரும்பி விட்டுவிட்டுப் போகிறவனுக்கு முதல் அர்த்தம் போதும். விடமாட்டேன் என்கிறவனிடமிருந்து எடுக்கும்போது இரண்டாவது அர்த்தத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் அண்ணாமலையாரிடம் மனுவோடு மலையைச் சுற்றுகிறார்கள். திங்கள்கிழமைகளில் மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி, வேலூர் சாலையிலுள்ள கலெக்டர் அலுவலகத்துக்கு மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையிலும் மனு இருக்கிறது. பட்டா மாற்றம், பாதைத் தகராறு, முதியோர் உதவித்தொகை, நில எடுப்பு ஆட்சேபம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் கதை. கவர்னர் ஜெனரலானாலும் சரி, கைதியானாலும் சரி, 1949-ல் அந்த ரயில் பெட்டியில் இருந்த இருவருமே தெரிந்துவைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. மனுவை எழுதுகிறவர் யார், அதில் கையெழுத்துப் போட்டு ஏற்கவோ தள்ளவோ செய்கிறவர் யார் என்பது ஒரே தலைமுறையில் மாறிவிடும்.

அதனால், நாற்காலியில் இருப்பவர்கள் சட்டம் எழுதும்போது, ஒருநாள் தாங்களும் மனுவோடு வரிசையில் நிற்க நேரலாம் என்று நினைத்து எழுதினால் போதும். மேல்மா கூட்ரோட்டில் உட்கார்ந்தவர்கள் கேட்டதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை... ‘எடுப்பதற்கு முன் எங்களைக் கேளுங்கள். கேட்டதற்காக எங்களை உள்ளே போடாதீர்கள்!’